குத்தகைக்கு உழுதவர்: சாம்பல் நிற டிராக்டரின் தடத்தில் ஆறு நாட்கள்

முதல் நாள்: பெல்ஃபாஸ்ட்

பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்துக்குப் பக்கத்தில், டொனகல் சதுக்கத்துக் கட்டடம் ஒன்றின் சுவரில் பதித்திருக்கும் வட்டமான நீலப் பலகையைப் பார்ப்பதற்காக, விமான நிலையத்திலிருந்து நேராக, பெட்டியைக்கூட விடுதியில் வைக்காமல் வந்து நின்றேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அலுவலகம் விட்டுப் போகிறவர்கள் குடையைச் சாய்த்துக்கொண்டு என்னைச் சுற்றி நடந்தார்களே தவிர, நான் எதை அண்ணாந்து பார்க்கிறேன் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிராக்டர் வடிவமைப்பாளர் ஹாரி ஃபெர்குசனின் விற்பனைக் கூடம் இருந்த இடம் இது என்பதற்கு அந்தப் பலகைதான் சாட்சி.

எங்கள் வீட்டுக் கொட்டகையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சிவப்பு மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் நிற்கிறது. அதன் முகப்பில் எழுதியிருக்கும் இரண்டு பெயர்களில் மாஸி யார், ஃபெர்குசன் யார் என்று சிறுவயதில் அப்பாவைக் கேட்டபோது, "ரெண்டு பேரும் கூட்டாளிங்கடா" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அது பாதிதான் சரி என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. மீதியைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

ஃபெர்குசன் 1911இல் இந்த நகரில் தொடங்கியது கார் விற்கும் தொழில். மே வீதி மோட்டார்ஸ் என்ற பெயரில் ஆரம்பித்த கடை சீக்கிரமே அவருடைய சொந்தப் பெயருக்கு மாறியது. முதல் உலகப் போர் வந்து உணவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அமெரிக்காவிலிருந்து வந்த 'ஓவர்டைம்' என்ற டிராக்டரை விற்கும் முகமையை எடுத்தார். 1917இல் அயர்லாந்தின் வேளாண் வாரியம் அவரைக் கூப்பிட்டு, நாட்டில் ஓடும் டிராக்டர்கள் எல்லாம் ஏன் இவ்வளவு மோசமாக உழுகின்றன என்று பார்த்து அவற்றின் வேலையைச் சீர்படுத்தச் சொன்னது. தன்னிடம் வேலை பார்த்த வில்லியம் சாண்ட்ஸ் என்ற கெட்டிக்கார மெக்கானிக்கோடு அயர்லாந்து முழுவதும் சுற்றி, வயல் வயலாக இறங்கிப் பார்த்த அவர் கண்டுபிடித்த குறை டிராக்டரில் இல்லை. கலப்பையை டிராக்டரோடு இணைத்த விதத்தில்தான் கோளாறு இருந்தது. குதிரைக்குப் பின்னால் சங்கிலி போட்டு இழுத்த கலப்பையை அப்படியே கொண்டுவந்து இயந்திரத்துக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள்.

இந்தப் பயணத்துக்கான இடங்களைக் குறித்தபோதுதான் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. வரலாற்றிலேயே பெயர்பெற்ற டிராக்டர் உற்பத்தியாளர்களில் ஒருவரைத் தேடிப் புறப்பட்டவனுக்கு, இந்தத் தீவுகளில் அவருடைய சொந்த ஆலை என்று காட்டுவதற்கு ஓர் இடமும் இல்லை. யார் யாருடைய ஆலையிலோதான் அவருடைய டிராக்டர்கள் உருவாகியிருக்கின்றன. எங்கள் பக்கத்து வழக்கில் சொன்னால், ஒரு குழிகூடச் சொந்த நிலம் இல்லாமல் காலமெல்லாம் குத்தகைக்கு உழுத மனிதர்.

இரண்டாம் நாள்: குரோவெல், ஹில்ஸ்பரோ

பேருந்தில் டிரோமோர் வரை போய், அங்கிருந்து வாடகைக் காரில் குரோவெல் போனேன். 1884 நவம்பர் 4ஆம் தேதி ஃபெர்குசன் பிறந்த பண்ணை வீட்டுக்கு எதிரே சின்னதாக ஒரு நினைவுத் தோட்டமும் அதில் ஆள் உயர வெண்கலச் சிலையும் இருக்கின்றன. சிலையை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். என்னை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தது சுற்றியிருந்த நிலம்.

டவுன் மாவட்டம் முழுவதும் கவிழ்த்து வைத்த முட்டைகளைப் போலச் சின்னச் சின்னக் குன்றுகள். பனியாறுகள் விட்டுப்போன மேடுகள் அவை. அந்தச் சரிவுகளைப் புதர்வேலிகள் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு வயலையும் நம் ஊர்த் தோட்டக்கால் அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கின்றன. அந்தக் காலத்துக் கனத்த டிராக்டர் இதற்குள் நுழைந்தால் திரும்பக்கூட இடம் இருந்திருக்காது. ஈர மண்ணைச் சக்கரங்களால் மிதித்துக் கெட்டியாக்கிவிட்டுத்தான் வெளியே போயிருக்கும். எடை குறைந்த, விலை குறைந்த, சிறு விவசாயிக்கு ஏற்ற வண்டி வேண்டும் என்ற பிடிவாதத்தை ஃபெர்குசன் கடைசிவரை விடாததற்கு என்ன காரணம் என்று புத்தகங்களில் தேடியிருக்கிறேன். வேலி ஓரத்தில் நின்று பார்த்தாலே விளங்கிவிடுகிறது.

அவருக்கு விவசாயத்தில் நாட்டம் இருந்ததில்லை என்பது வேடிக்கையான செய்தி. பண்ணை வேலை பிடிக்காமல் 1902இல் கனடாவுக்குக் கப்பலேறும் யோசனையில் இருந்தவரை, பெல்ஃபாஸ்ட்டில் வாகனப் பட்டறை வைத்திருந்த அண்ணன் ஜோ தன்னோடு சேர்த்துக்கொண்டார். அங்கிருந்து மோட்டார் சைக்கிள், பந்தயக் கார், பிறகு விமானம் என்று போனது மனம். 1909 டிசம்பர் 31ஆம் தேதி, ஹில்ஸ்பரோ பூங்காவில், தானே கட்டிய ஒற்றை இறக்கை விமானத்தில் 130 கெஜ தூரம் பறந்தார். அயர்லாந்தில் விமானம் ஓட்டிய முதல் ஆள் அவர். திரும்பும் வழியில் ஹில்ஸ்பரோவில் இறங்கினேன். மழை வலுத்துவிட்டதால் பூங்காவைக் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது.

மூன்றாம் நாள்: கல்ட்ரா

பெல்ஃபாஸ்ட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலோரமாக இருக்கிறது கல்ட்ரா. அங்குள்ள அல்ஸ்டர் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் அந்த விமானத்தின் முழு அளவுப் பிரதி ஒன்றும், ஃபெர்குசனின் ஆரம்ப கால டிராக்டர் ஒன்றும், கலப்பை ஒன்றும் வைத்திருக்கிறார்கள். விமானத்தைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம். கலப்பையிடம் நான் மட்டும்தான் நின்றேன். ஆகவே அவசரப்படாமல் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் போய்ப் பார்க்க முடிந்தது.

இந்த நாளின் பதிவு கொஞ்சம் நீளும். ஃபெர்குசனின் முழு வாழ்க்கையும் மூன்று இரும்புக் கைகளில் அடங்கியிருக்கிறது. அவற்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அப்போது உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்தது ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர். அதற்குப் பின்னால் கட்டி இழுத்த கலப்பையின் கொழு ஒரு பாறையிலோ மரவேரிலோ மாட்டிக்கொண்டால், பின்சக்கரம் நகர முடியாமல் நின்றுவிடும். எஞ்சினின் விசை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? அது டிராக்டரின் உடலையே பின் அச்சைச் சுற்றிச் சுழற்றும். முன்பக்கம் அப்படியே மேலே எழும்பும். ஓட்டுபவர் குதிப்பதற்குள் வண்டி மல்லாந்து அவர்மேல் விழும். இப்படி உயிர்விட்டவர்கள் பலர். இன்னொரு தொல்லை, கலப்பை தனியாக உருண்டு வருவதால் அதன் பாரம் டிராக்டருக்கு எந்த வகையிலும் உதவாது. சக்கரம் மண்ணைப் பிடிக்க வேண்டுமானால் டிராக்டரே கனமாக இருக்க வேண்டும். கனமானால் விலையும் கூடும், மண்ணும் இறுகும்.

ஃபெர்குசன் கலப்பையைக் கட்டி இழுப்பதை விட்டுவிட்டு, டிராக்டரின் உடம்போடு ஓர் உறுப்பாகச் சேர்த்துவிட்டார். கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு கை. கலப்பை மண்ணைக் கிழித்துப் போகும்போது கீழ்க்கைகள் இரண்டும் இழுபடும். மேல்கையோ முன்பக்கமாக நெருக்குண்டு டிராக்டரைத் தள்ளும். அந்தத் தள்ளுதல் முன்சக்கரத்தை மேலே எழ விடாமல் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. கொழு எதிலாவது மாட்டினால் இந்த அழுத்தம் இன்னும் கூடும். ஆளைக் கொன்ற அதே விசைதான் இப்போது ஆளைக் காக்கிறது.

இதற்குமேல் ஒரு படி போய், அந்த மேல்கையின் அடியில் ஒரு கனமான சுருள்வில்லை வைத்து, அதை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வால்வோடு இணைத்தார். மண் இறுக்கமான இடத்தில் இழுவை கூடும்போது வில் சுருங்கும். வால்வு திறந்து எண்ணெய் பாய்ந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். இழுவை குறைந்ததும் கலப்பை பழைய ஆழத்துக்கு இறங்கும். தூக்கும் அந்த நொடியில் கலப்பையின் எடையும் அதன்மேல் புரளும் மண்ணின் எடையும் பின்சக்கரத்தின்மேல் ஏறிச் சக்கரத்துக்குப் பிடிப்பைக் கொடுக்கும். டிராக்டருக்கு எங்கே பாரம் தேவையோ அங்கே, தேவைப்படும் நேரத்தில் மட்டும், கலப்பையே பாரத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. 1925இல் விண்ணப்பித்து 1926இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இதைப் பொறியியல் விளக்கமாகப் படித்தபோது எனக்குப் பிடிபட நாளானது. ஒருநாள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "மேழியைப் பிடிக்கிறவன் கை செய்யற வேலைதானே அது" என்றார். நாட்டுக் கலப்பையில் உழுகிறவர் இறுகிய இடம் வந்ததும் மேழியின்மேல் வைத்த அழுத்தத்தைத் தளர்த்துவார். மாடு திணறாமல் கடந்ததும் மறுபடி அழுத்துவார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் கை பழகிய வித்தை அது. அந்தக் கையைத்தான் ஃபெர்குசன் வில்லாகவும் எண்ணெயாகவும் மாற்றி டிராக்டருக்குள் வைத்திருக்கிறார்.

ஆனால் கண்டுபிடித்ததைச் செய்து கொடுக்க ஆள் வேண்டுமே. முதல் குத்தகை அமெரிக்காவில் அமைந்தது. ஷெர்மன் சகோதரர்களோடு சேர்ந்து 1925 இறுதியில் இந்தியானா மாநிலத்து எவன்ஸ்வில் நகரில் ஃபோர்ட்சனுக்கு ஏற்ற கலப்பைகளைச் செய்யத் தொடங்கினார். 1928இல் ஃபோர்டு அமெரிக்காவில் ஃபோர்ட்சன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார். டிராக்டர் இல்லாவிட்டால் அதற்கென்று செய்த கலப்பையை யார் வாங்குவார்கள்? அத்தோடு அந்தத் தொழில் படுத்துவிட்டது. இனி டிராக்டரையும் தானே வடிவமைப்பது என்ற முடிவுக்கு அவர் வந்தது அதற்குப் பிறகுதான்.

நான்காம் நாள்: ஹடர்ஸ்ஃபீல்டு, மெல்தம்

நேற்று இரவு மான்செஸ்டரில் இறங்கி, இன்று காலை ரயிலில் பென்னைன் மலைகளைக் கடந்து ஹடர்ஸ்ஃபீல்டு வந்தேன். புகை படிந்து கறுத்த கல் கட்டடங்கள் நிறைந்த ஊர். ஆலைகளின் ஊர் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

1933இல் ஃபெர்குசன் ஒரு முன்மாதிரி டிராக்டரைச் செய்தார். கறுப்பு வண்ணம் பூசியிருந்ததால் அதற்குக் 'கறுப்பு டிராக்டர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதற்குப் பல்சக்கரங்களைச் செய்து கொடுத்தது ஹடர்ஸ்ஃபீல்டின் டேவிட் பிரவுன் நிறுவனம். அந்த அறிமுகம் கூட்டுத் தொழிலாக வளர்ந்தது. 1936இல் இங்குள்ள பார்க் ஒர்க்ஸ் ஆலையிலிருந்து ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டர் வெளிவந்தது. பிரவுன் செய்து கொடுப்பார், ஃபெர்குசன் விற்பார் என்பது ஏற்பாடு. விலை 224 பவுண்டு. அதே காலத்தில் ஃபோர்ட்சனை ஏறத்தாழ 140 பவுண்டுக்கு வாங்கிவிடலாம். இந்த டிராக்டருக்கென்று தனிக் கலப்பை, தனிக் கருவிகள் எல்லாம் வாங்கியாக வேண்டும் என்பதால் செலவு இன்னும் ஏறியது. சுமார் 1,350 வண்டிகள்தான் செய்யப்பட்டன; ஆலை முற்றத்தில் விற்காத வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின.

இன்னும் சக்தி வாய்ந்த வண்டி வேண்டும் என்றார் பிரவுன். வடிவமைப்பில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் ஃபெர்குசன். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று யோசித்துப் பார்த்தேன். விற்காத சரக்குக்குப் பணம் போட்டவர் பிரவுன் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சத்தமில்லாமல் தனக்கென்று ஒரு டிராக்டரை வடிவமைத்து, 1939இல் வி.ஏ.கே.1 என்ற பெயரில் வெளியிட்டார்.

அந்த வண்டிக்காக அவர் பிடித்த இடம்தான் மெல்தம். ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து பேருந்தில் மலைச்சரிவில் ஏறிப் போனேன். பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் தையல் நூல் ஆலையாக இருந்த இடத்தை டிராக்டர் ஆலையாக மாற்றியிருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் ஓடிய ஆலை 1988இல் மூடப்பட்டது. இப்போது அங்கே சிறு நிறுவனங்கள் பங்கு போட்டுக்கொண்ட தொழிற்பேட்டை இருக்கிறது. டேவிட் பிரவுன் 1947இல் ஆஸ்டன் மார்ட்டின் கார் நிறுவனத்தை வாங்கியதும், அந்தக் கார்களின் பெயரில் வரும் 'டி.பி.' அவருடைய முதலெழுத்துகள்தான் என்பதும் கார்ப் பிரியர்கள் பலருக்குத் தெரியும். அந்த மனிதர் கொஞ்ச காலம் ஃபெர்குசனுக்கு டிராக்டர் செய்து கொடுத்தவர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

ஐந்தாம் நாள்: கோவென்ட்ரி

இரண்டு முறை வண்டி மாறி, அதில் ஒரு வண்டி முக்கால் மணி நேரம் தாமதித்து, மதியம்தான் கோவென்ட்ரி வந்து சேர முடிந்தது. தாமதம் ஒரு வகையில் நல்லதாயிற்று. நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஃபோர்டு கதையை எழுதி முடித்துவிட்டேன்.

1938 அக்டோபரில் ஃபெர்குசன் ஒரு டிராக்டரையும் கருவிகளையும் கப்பலேற்றி, மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் நகரில் ஹென்றி ஃபோர்டின் வீட்டுத் தோட்டத்துக்கே கொண்டுபோய் உழுது காட்டினார். பிறகு ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை டிராக்டரை வைத்து மூன்று கைகளின் தத்துவத்தை விளக்கினார். ஃபோர்டு வியந்துபோனார். செய்வது ஃபோர்டு, வடிவமைப்பதும் விற்பதும் ஃபெர்குசன் என்று இருவரும் கைகுலுக்கி முடித்துக்கொண்டார்கள். பத்திரம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. 1939 ஜூனில் 9என் என்ற டிராக்டர் வந்தது. அதுவும் அதன் போர்க்கால வடிவமான 2என்னும் சேர்ந்து 3 லட்சத்தைத் தாண்டின.

வாய்ப்பேச்சுக் குத்தகை பெரியவர் இருக்கும்வரைதான் செல்லும் என்பது நம் கிராமங்களில் பலர் பட்டுத் தெரிந்துகொண்டது. மூத்த ஃபோர்டு ஒதுங்கி, பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு 1945இல் பொறுப்புக்கு வந்ததும் கணக்கைப் புரட்டினார், டிராக்டரில் நிறுவனம் நட்டப்பட்டிருப்பதைக் கண்டார், உறவை முறித்துக்கொண்டார். 1947இல் 8என் என்ற டிராக்டரை ஃபோர்டு தானே வெளியிட்டது. அதிலும் அதே மூன்று கைகள். ஃபெர்குசன் 25 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார். நான்கு ஆண்டுகள் இழுத்த வழக்கு 1952இல் 92.5 லட்சம் டாலரில் சமரசமானது. கேட்டதில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை என்றாலும், அதைத் தன் வெற்றியாகவே அவர் கொண்டாடினார். அமெரிக்காவில் மட்டும் 1948இல் டெட்ராய்ட் நகரில் அவர் சொந்த ஆலை கட்டியதற்கு இந்த அனுபவம்தான் காரணம். சொந்த ஆலை இல்லாதவர் என்று நான் முதல் நாளில் எழுதியதற்கு இது ஒரு விலக்கு.

பிரிட்டனில் அவருக்கு வாய்த்த கூட்டாளி ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் சர் ஜான் பிளாக். போருக்காக அரசு கட்டிய 'நிழல் ஆலை'களில் ஒன்று கோவென்ட்ரியின் மேற்கு ஓரத்தில், பேனர் லேன் சாலையில் இருந்தது. ஸ்டாண்டர்டு அங்கே பிரிஸ்டல் ஹெர்குலிஸ் விமான எஞ்சின்களைச் செய்துகொண்டிருந்தது. போர் முடிந்ததும் அவ்வளவு பெரிய ஆலையை என்ன செய்வது என்ற கவலை பிளாக்குக்கு. வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆலை தேடும் கவலை ஃபெர்குசனுக்கு. 1946இல் டி.ஈ.20 பிறந்தது. 'டிராக்டர், இங்கிலாந்து' என்பதன் சுருக்கம் அது. முதலில் அமெரிக்காவிலிருந்து காண்டினென்டல் எஞ்சின்களை வரவழைத்துப் பொருத்தினார்கள். டாலர் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் ஆகையால், அடுத்த ஆண்டே ஸ்டாண்டர்டின் சொந்த எஞ்சின் வரத் தொடங்கியது. அந்த எஞ்சின் குடும்பம்தான் வான்கார்டு காருக்கும், பின்னாளில் டி.ஆர்.2 என்ற இருவர் அமரும் பந்தயப் பாணிக் காருக்கும் போனது. வயலில் உழுத எஞ்சினின் உடன்பிறப்பைத் தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஓட்டியிருக்கிறார்கள்.

நகர மையத்திலுள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தில் ஒரு டி.ஈ.20 நிற்கிறது. எதிர்பார்த்ததைவிடச் சின்னது. ஒரு டன்னுக்குச் சற்றுக் கூடுதலான எடை, மேலிருந்து கீழ்வரை போர்க்கப்பல் சாம்பல், ஓர் அலங்காரக் கோடுகூடக் கிடையாது. சிவப்பும் பச்சையும் நீலமும் பூசிப் போட்டியாளர்கள் சந்தையில் நிற்க, வயலில் அழுக்காகப் போகிற வண்டிக்கு எதற்கு வண்ணம் என்று நினைத்தாரோ என்னவோ, ஃபெர்குசன் சாம்பலைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்கவில்லை. 'சாம்பல் ஃபெர்கி' என்று மக்கள் செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். 1956 வரை பேனர் லேனில் 5 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் மேல் உருவாயின. சங்கிலிப் பட்டை மாட்டிய மூன்று டி.ஈ.20களில்தான் எட்மண்ட் ஹிலாரியின் குழு பனிவெளியைக் கடந்து 1958 ஜனவரி 4ஆம் தேதி தென் துருவத்தை அடைந்தது. சிறு விவசாயியின் அரை ஏக்கருக்கு என்று வடிவமைத்த வண்டிக்கு இது அதிகப்படியான பயணம்தான்.

அருங்காட்சியகம் முடிந்ததும் உள்ளூர் ரயிலில் டைல் ஹில் நிலையத்தில் இறங்கி, பேனர் லேன் வரை நடந்தேன். ஆலை இல்லை. ஒரே அச்சில் வார்த்த செங்கல் வீடுகள், வாசலில் கார்கள், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், மடக்கி வைத்த குப்பைத் தொட்டிகள். 1960களில் எழுந்த 16 மாடி அலுவலகக் கோபுரம் மட்டும் கொஞ்ச காலம் தனியாக நின்றுகொண்டிருந்தது. 2012இல் அதையும் இடித்துவிட்டார்கள்.

இடைப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். 1953இல் ஃபெர்குசன் தன் நிறுவனத்தைக் கனடாவின் பண்ணைக் கருவி நிறுவனமான மாஸி-ஹாரிஸோடு இணைத்தார். மதிப்பு 1.6 கோடி டாலரா, 1.7 கோடியா என்று பேச்சு இழுபறியானபோது, நாணயத்தைச் சுண்டிப் பார்த்துவிடலாம் என்று அவரே சொன்னார். சுண்டினார்கள். தோற்றார். பத்து லட்சம் டாலர் போயிற்று. இருபத்தைந்து கோடிக்கு வழக்காடிய அதே மனிதரா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. அடுத்த ஆண்டே கருத்து வேறுபாடு முற்றி நிறுவனத்தை விட்டு விலகினார். ஸ்டாண்டர்டிடமிருந்து மாஸி ஃபெர்குசன் டிராக்டர் தொழிலை வாங்கியது 1959இல். ஆக, பேனர் லேன் முதன்முதலாக அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்துக்குச் சொந்தமானபோது, அவர் அங்கே இல்லாமல் ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆலையிலிருந்து மொத்தம் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் வெளியே போயின. 1994இல் நிறுவனம் அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்தின் கைக்குப் போனது. 2002இல் பேனர் லேனை மூடும் அறிவிப்பு வந்தது. பிரான்சின் போவே நகரில் நிறுவனத்துக்கு இருந்த ஆலை நிலைத்தது.

வீடுகளுக்கு நடுவே கால் மணி நேரம் சுற்றிவிட்டு, ஒரு பூங்காப் பெஞ்சில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த இட்லிப்பொடி தடவிய ரொட்டியைச் சாப்பிட்டேன். பர்மிங்ஹாமில் வேலை பார்க்கும் மைத்துனன் என்னை அழைத்துப் போக வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அத்தான், இதைப் பார்க்கவா ஊரிலேயிருந்து வந்தீங்க?" என்றான். எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

ஆறாம் நாள்: ஸ்டோ வழியாக ஒரு பண்ணை

காலையில் மைத்துனன் காரில் கோட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளுக்குப் போனோம். ஸ்டோ-ஆன்-தி-வோல்டு ஊருக்கு வெளியே அபட்ஸ்வுட் என்ற தன் மாளிகையில் ஃபெர்குசன் 1960 அக்டோபர் 25ஆம் தேதி இறந்தார். தனியார் இடம், சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. அதே 1960இல்தான் சென்னையில் மாஸி ஃபெர்குசனின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியது. எங்கள் கொட்டகையில் நிற்கும் வண்டி அந்த வழி வந்தது.

மதியம், வார்விக்‌ஷயரில் மைத்துனனின் நண்பர் ஒருவருடைய தந்தையின் பண்ணைக்குப் போனோம். எழுபதைத் தாண்டிய அவரிடம் 1950இல் செய்த ஒரு சாம்பல் ஃபெர்கி இருக்கிறது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றும் ரகம். நம் ஊரில் கிரசின் பம்புசெட்டைப் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டிப் பார்க்கிறாயா என்று அவர் கேட்பதற்கு முன்பே நான் இருக்கையில் ஏறிவிட்டேன் என்று மைத்துனன் பின்னால் கேலி செய்தான்.

இந்த வண்டியைக் கிளப்ப, கியர் தண்டையே 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ள வேண்டும். கியரில் கிடக்கும் வண்டி தவறிக்கூடக் கிளம்பிப் பாய முடியாதபடி செய்த ஏற்பாடு. பிறகு இரண்டு கொழுக் கலப்பையை மாட்டினோம். பின்னோக்கிப் போய் நிறுத்தி, முதலில் இடது கீழ்க்கை, அடுத்து வலது கை, அதில் மட்டும் உயரத்தைச் சரிசெய்யும் கைப்பிடி இருப்பதால் கலப்பையை நகர்த்தாமல் கையை ஏற்றி இறக்கிப் பொருத்திவிடலாம், கடைசியில் மேல்கை. மூன்று ஊசிகளைச் செருகி வளையத்தை மடக்கினால் வேலை முடிந்தது. வலது தொடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு நெம்புகோல் கலப்பையைத் தூக்கவும் இறக்கவும் போதும். எங்கள் 1035இல் நான் ஆயிரம் முறை செய்த வேலைதான். ஊசியின் குளிர்ச்சி மட்டும் புதிது.

அறுவடை முடிந்த கோதுமைத் தாளடியில் மூன்று சால் ஓட்டினேன். பிறகு பெரியவர் ஏறிக்கொண்டார். நான் பக்கத்தில் நடந்து கலப்பையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வயலின் நடுவில் களிமண் திட்டு ஒன்று இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார். அந்த இடம் வந்ததும் எஞ்சினின் குரல் தடித்தது. அவர் கை ஸ்டியரிங்கைவிட்டு நகரவில்லை. ஆனால் தூக்குக் கைகள் இரண்டும் ஒரு விரற்கடை மேலே எழும்பின. பின்சக்கரம் வழுக்காமல் அமுங்கிப் பிடித்தது. திட்டைத் தாண்டியதும் கைகள் தாமாகவே பழைய இடத்துக்கு இறங்கின. நான் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, அதே இடத்தில் இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஓட்டிக் காட்டினார்.

அப்போது ஊரில் இரவு பத்து மணி இருக்கும். அப்பாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, வண்டியையும் புரண்டு கிடந்த கறுத்த மண்ணையும் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், "ஆழம் எவ்வளவுப்பா போச்சு?" என்று மட்டும் கேட்டார். பெரியவரிடம் கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்லாமல் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினார். ஃபெர்குசன் டிராக்டரோடு கொடுத்த ஸ்பேனர் அது. அதன் தண்டில் அளவுகோல் போல அங்குலக் கோடுகள் வெட்டியிருக்கின்றன. சாலின் ஓரத்தில் மண்டியிட்டு அதை நிறுத்திப் பார்த்தேன்.

"ஏழங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மிப்பா" என்றேன்.

"பரவாயில்லை" என்றார் அப்பா.